மிஸ்ஸி சிபில் கார்த்திகேசு அம்மையார்



ஈப்போ பட்டணத்தில் பேர் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் ஜாலான் சிபில் கார்த்திகேசு என்று ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் எத்தனையோ தடவை நாம் போயிருப்போம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று நின்று கேட்டவர்கள் குறைவு. கார்த்திகேசு என்ற பெயரைப் பார்த்து, யாரோ ஒரு தமிழ்ப் பெரியவராக இருக்கும் என்றுதான் நானும் சின்ன வயசில் நினைத்தேன்.

அவர் ஒரு பெண்மணி. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் வேலை செய்தவர். ஒரு டாக்டருக்கு மனைவி, மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய். நம் பேராக் மண்ணில் வாழ்ந்து, நம் பேராக் மண்ணிலேயே அடங்கியவர். பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு பெரியோர் வரலாறு எழுதும்படி தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, தூர தேசத்துப் பெரியவர்களைத் தேடிப் போகாமல், நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த இந்த அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்று தீர்மானித்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

சிபில் அம்மையார் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ரா தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே நடுப்பெயராக வைத்து சிபில் மேடான் டேலி என்று அழைத்தார்கள். தந்தையார் ஜோசப் டேலி, அயர்லாந்துக் கலப்பு வழியில் வந்த யுரேசியர். தோட்டத் துறையில் இருந்தவர். தாயார் பியட்ரிஸ் பிரெஞ்சுக் கலப்பு வழியில் வந்தவர், மருத்துவச்சி. சிபில் அவர்களுக்கு ஐந்தாவது பிள்ளை. ஒரே பெண் பிள்ளையும் அவர்தான்.

இதை நாம் கவனிக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போகிறவர் என்பது சிபிலுக்குப் புதுமை இல்லை. பிள்ளைப்பேறு பார்க்கும் வேலைக்கு நேரங்காலம் கிடையாது. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் எழுந்து போக வேண்டும். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண், தானும் தாதிப் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றுத் தாயின் தொழிலுக்கே வந்தார். கான்டனீஸ் மொழியை நன்றாகப் பேசவும் தெரிந்துகொண்டார். ஈயச் சுரங்கங்கள் நிறைந்த பேராக்கில், சீனக் குடும்பங்களில் பிரசவம் பார்க்க அந்த மொழி அவருக்குப் பெரிய துணையாக இருந்தது.

திருமணம்

1919-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயிண்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணமகன் டாக்டர் கார்த்திகேசு. அவர் தைப்பிங்கில் 1892-இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. பிற்காலத்தில் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று பெயர் பெற்றார். பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை சைவத் தமிழ்க் குடும்பம். மதம் வேறு என்பதால் முதலில் எதிர்ப்பு எழுந்தது. பிறகு பெரியவர்கள் சம்மதித்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு கல்யாணம் நடப்பது லேசான காரியமா என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி தலைப்பிள்ளை பிறந்தது. முதல் உலகப் போரில் 1915-இல் கலிப்போலி என்ற இடத்தில் உயிர் விட்ட தன் அண்ணனை நினைத்து, மைக்கேல் என்று பெயர் வைத்தார். அந்தப் பிள்ளை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. ஊரார் பிள்ளைகளை நல்லபடியாக உலகத்துக்குக் கொண்டுவருவதே தொழிலாகப் படித்தவர், தன் பிள்ளையைப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து, வில்லியம் என்ற ஆண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். 1921-இல் ஓல்கா என்ற மகள் பிறந்தார்.

ஈப்போ கிளினிக்

1926-ஆம் ஆண்டில் கணவனும் மனைவியும் ஈப்போவில் 141-ஆம் எண், புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் நடத்தத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தச் சாலைக்கு ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று பெயர். கணவர் டாக்டர், மனைவி தாதி. நோயாளிகளைக் கணவர் பார்ப்பார், பிரசவமும் காயங்களும் மனைவியின் பொறுப்பு. அப்படியே 15 வருஷம் ஓடியது. ஜப்பான்காரர்கள் வரும் வரைக்கும் அந்தக் கிளினிக் நடந்தது. 1936-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடைசி மகள் டான் ஈப்போவில் பிறந்தாள். அப்போது மூத்த மகள் ஓல்காவுக்கு 15 வயது.

அந்தக் காலத்தில் நம் தோட்டத்துப் பெண்கள் எப்படி இருந்தார்கள்? விடியுமுன் பெரட்டுக்குப் போவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், இருட்டிலேயே நிரைக்குள் நுழைய வேண்டும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். பால் எடுத்து, வாளி தூக்கி, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்பு காத்திருக்கும். 1920-களின் கடைசியில் அரசாங்கம் வகுத்த கூலிக் கணக்கில், போக்குவரத்து வசதியுள்ள இடங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளுக்கு 50 காசு, பெண் தொழிலாளிக்கு 40 காசு. வீட்டுக்கு வந்து ஆக்குவதற்கும் துவைப்பதற்கும் ஒரு காசும் இல்லை.

டாக்டர் வீட்டு அம்மாவையும் பால் வெட்டும் அம்மாவையும் சமமாக வைத்துப் பேசுவது சரியா என்று சிலர் கேட்கலாம். வசதியில் வித்தியாசம் இருந்தது உண்மைதான். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மனசில் இருக்கும் எண்ணத்தில் வித்தியாசம் இல்லை. பிள்ளை சாப்பிட்டதா, காய்ச்சல் இறங்கியதா, நான் இல்லாத நேரத்தில் அழுததா என்ற எண்ணம் எல்லாத் தாய்க்கும் ஒன்றுதான்.

போர் வந்தது

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கிளந்தான் கரையில் இறங்கியது. சில நாட்களில் ஈப்போ மீதும் குண்டு விழுந்தது. ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் கார்த்திகேசு குடும்பம் பப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பப்பான் என்றால் மலாய் மொழியில் பலகை. புசிங், பத்து காஜா பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த ஊர். அங்கே மெயின் ரோட்டில் 74-ஆம் எண் கடைவீட்டில் குடும்பம் தங்கியது.

ஓடி ஒளிந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கடைவீட்டிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். காசு இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்களையும் திருப்பி அனுப்பவில்லை. சுற்று வட்டாரத்தில் எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிட்டார்கள். நம் தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியை நாம் எப்படிக் கூப்பிடுவோமோ, அதே பெயர்தான்.

அந்த மூன்றரை வருஷக் கொடுமையைத் தோட்டத்துப் பாட்டிமார்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். சயாமுக்கும் பர்மாவுக்கும் ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஆண்களைக் கொண்டுபோன காலம். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். லயத்தில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். சம்பாதிப்பதும் பெண்ணே, பயிர் வைப்பதும் பெண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து தேடி அலைவதும் பெண்ணே என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து ஊரில் ஒரு மிஸ்ஸி இருந்தால், அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

பின்கதவு வழியே வந்தவர்கள்

பப்பான் வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள், அதற்கு அப்பால் மலைக்காடு. அந்தக் காட்டில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தார்கள். காயம் பட்டவர்களும் மலேரியா கண்டவர்களும் இருட்டிய பிறகு பின்கதவு வழியாக மிஸ்ஸியிடம் வந்தார்கள். அவர் அவர்களுக்கு மருந்து கொடுத்தார், காயங்களுக்கு வைத்தியம் செய்தார். கணவரும் அதில் பங்கு கொண்டார். வீட்டில் சிற்றலை வானொலிப் பெட்டியும் ரகசியமாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே குழி பறித்து அதை மறைத்து வைத்திருந்தார்கள். லண்டன் பி.பி.சி. செய்தியைக் கேட்டு, போர் நிலவரத்தை நம்பிக்கையானவர்களுக்குத் தெரிவித்தார்கள்.

அந்தக் காலத்தில் சிற்றலை வானொலி வைத்திருப்பதே பெரிய குற்றம். காட்டுக்காரர்களுக்கு மருந்து கொடுத்தது தெரிந்தால் தலை தப்பாது. இது மிஸ்ஸி ஒருவர் மட்டும் சுமந்த ஆபத்து இல்லை. கணவர், வில்லியம், ஓல்கா, சின்னஞ்சிறு டான் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள். வேலையும் குடும்பமும் வேறு வேறு என்று பிரித்து வைக்க முடியாத வீடு அது. முன்னறையில் நோயாளி, பின்கதவில் காட்டுக்காரர், படிக்கட்டுக்குக் கீழே வானொலி, நடுவில் அம்மா கையால் சோறு சாப்பிடும் ஒரு பிள்ளை.

கைது

1943-ஆம் ஆண்டு ஜப்பானிய ராணுவப் போலீஸாகிய கெம்பித்தாய்க்குத் துப்புக் கிடைத்தது. கணவர் பிடிபட்டார், வில்லியமும் பிடிபட்டார். மிஸ்ஸியையும் கைது செய்தார்கள். காட்டில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லும்படி அடித்தார்கள், உதைத்தார்கள். தண்ணீரைப் புகட்டி வதைத்தார்கள். முதுகெலும்பு கெட்டு நடக்க முடியாமல் போகும் அளவுக்கு அந்த வதை நடந்தது. அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

பிறகு அவர்கள் ஒரு தாய்க்குச் செய்யக்கூடிய மிகக் கொடிய காரியத்தைச் செய்தார்கள். யோஷிமுரா என்ற சார்ஜண்ட், ஏறக்குறைய 7 வயதே ஆன டானைக் கொண்டுவந்து, மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். கீழே நெருப்பு மூட்டினார்கள். தாயையும் அங்கேயே கட்டி வைத்து அடித்தார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையை நெருப்பில் இறக்குவோம் என்று மிரட்டினார்கள்.

மாணவச் செல்வங்களே, இந்த இடத்தைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். பெற்றோர்களே, நீங்களும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தத் தாய் ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்குரியவரும் அவரோடு இருப்பவர்களும் செத்தார்கள். சொல்லாவிட்டால் தன் வயிற்றில் பிறந்தது சாகும். அவர் சொல்லவில்லை. பிள்ளையும் அம்மாவைச் சொல்லும்படி கெஞ்சவில்லை, தைரியமாக இருக்கும்படிதான் கேட்டுக்கொண்டது. கடைசி நேரத்தில் மேலதிகாரி ஒருவர் தலையிட்டதால் பிள்ளை உயிர் தப்பியது.

இந்தச் சம்பவத்தைச் சொல்லி, தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. எனக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல இரவு யோசித்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே அம்மையாரை அளந்து பார்க்க நமக்குத் தகுதி இல்லை. அவர் பட்டதை மறக்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது.

சிறையும் மரணமும்

அம்மையாருக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. அப்போது அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தபடியே தன் அனுபவங்களை எழுதினார். நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற அந்த நூல் அவர் மறைந்த பிறகு 1954-இல் வெளிவந்தது. அவரை வதைத்த யோஷிமுராவை 1946-இல் விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள்.

பிரிட்டிஷ் அரசாங்கம் வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் வழங்கி அவரைச் சிறப்பித்தது. மலாயாப் பெண்களில் அப்பதக்கத்தைப் பெற்றவர் அவர் ஒருவரே என்று சொல்வார்கள். அதன் பிறகு அவர் நெடுநாள் வாழவில்லை. ஜப்பானியப் பூட்ஸ் காலால் உதைபட்ட தாடை எலும்பில் கிருமி தொற்றி, அது ரத்தத்தில் கலந்து, 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 48. ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 1949-இல் அவர் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து கத்தோலிக்க மயானத்தில் மீண்டும் நல்லடக்கம் செய்தார்கள். பப்பானில் அந்த 74-ஆம் எண் வீட்டை மரபுடைமையில் அக்கறை உள்ளவர்கள் நினைவில்லமாகப் பேணி வந்திருக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அம்மையாரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போர்க்காலத்து மூன்று நான்கு வருஷத்தை மட்டும் எழுதுவார்கள். அதற்கு முன்னால் இருந்த 22 வருஷக் குடும்ப வாழ்க்கையை நான் நினைக்கிறேன். கல்யாணம் ஆன பெண், பிள்ளை பெற்ற பெண், கடைசி வரையில் தன் தொழிலை விடவில்லை. அது எப்படி முடிந்தது?

அவர் கெட்டிக்காரர் என்பது மட்டும் காரணம் இல்லை. அந்த வீட்டில் மனைவி செய்வதும் வேலை என்று கணவர் ஒத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பெரியவர், தாதி சின்னவர் என்ற கணக்கு வைத்திருந்தால், 15 வருஷம் ஒரே கிளினிக்கைச் சேர்ந்து நடத்தியிருக்க முடியாது. ஆபத்து வந்தபோது இருவரும் சேர்ந்தே ஆபத்தில் இறங்கினார்கள். வேலையையும் வீட்டையும் சமாளிப்பது பெண்ணுக்கு மட்டும் விதித்த வித்தை என்று நாம் பேசுகிறோம். அது ஒரு வீடு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் என்பதைத்தான் இந்தக் குடும்பம் காட்டுகிறது.

சட்டம்கூட இதை ஏற்க ரொம்ப நாள் ஆயிற்று. நாடு 1957-இல் சுதந்திரம் பெற்ற பிறகும், அரசாங்க வேலையில் இருந்த பெண்களுக்கு ஆண்களைவிடச் சம்பளம் குறைவு. கல்யாணம் ஆன ஆசிரியைகளைத் தற்காலிக ஊழியராகத்தான் வைத்திருந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் அவர்கள் தலைமையில் 1960-இல் தோன்றிய பெண் ஆசிரியர் சங்கம் அதற்காகப் பாடுபட்டது. 1969-இல்தான் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நான் தாலி கட்டிய பிறகும் நிரந்தர ஆசிரியையாக இந்தப் பள்ளியில் நிற்கிறேன் என்றால், அது எனக்கு முன்னால் போராடியவர்கள் வாங்கித் தந்தது.

தொடக்கத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது என்றேன். இப்போது சொல்கிறேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். நான் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள். என் அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவர். ஆயாக்கொட்டகையை மூடிவிட்ட பிறகு, தம்பி பிறந்தபோது, அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அம்மா சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பவர். அவர் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவேன். நான் பயிற்சிக் கல்லூரி முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்றைக்கு, அதை முதலில் அக்கா கையில்தான் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

அம்மா மேல் குற்றம் இல்லை. அன்றைக்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. நம் பெண்கள் ஈப்போ பக்கத்து ஃபேக்டரிகளுக்கும், கடைகளுக்கும், கிளினிக்குகளுக்கும் ஷிப்டு முறையில் வேலைக்குப் போகிறார்கள். வேலை மாறிவிட்டது. வீட்டில் மட்டும் கணக்கு மாறவில்லை. சென்ற மாதம் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் சோறு ஆக்குவது, பாத்திரம் கழுவுவது, தம்பி தங்கையைப் பார்ப்பது யார் என்று கேட்டேன். பெண் பிள்ளைகள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஆண் பிள்ளைகளில் இரண்டே பேர் தூக்கினார்கள். அந்த இருவரையும் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், குடும்பத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாத நாளில் லீவு போடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான்.

ஆகவே பெற்றோர்களிடம் பணிவாக ஒரு வேண்டுகோள். தாயைத் தெய்வம் என்று கும்பிடுவது நல்லதுதான். அந்தத் தெய்வம் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, கழுவாத பாத்திரம் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்பாமார்கள் ஒரு வேளைச் சோறு ஆக்கினால் கௌரவம் குறைந்துவிடாது. டாக்டர் கார்த்திகேசு தன் மனைவியோடு தோள் கொடுத்து நின்றதால் பேர் கெட்டுப் போகவில்லை, இன்றைக்கு அவர் பெயரும் சேர்ந்தே ஒரு சாலையில் நிற்கிறது. பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையென்றால், பக்கத்து வீட்டாரோடு பேசுங்கள், உறவுக்காரர்களோடு முறை வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கு வந்து எங்களிடம் சொல்லுங்கள். மூத்த பெண்ணின் படிப்பை மட்டும் அதற்கு விலையாகக் கொடுக்காதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்குப் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவோடு பப்பானுக்குப் போய், மெயின் ரோட்டில் அந்தப் பழைய கடைவீட்டைப் பாருங்கள். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண வீடுதான். அந்த வாசலில் எத்தனையோ ஏழைகள் நோயோடு வந்து, மருந்தோடு திரும்பியிருக்கிறார்கள்.

பேர் பார்க் பக்கம் போகும்போது அந்தச் சாலைப் பெயரை இனி ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் யார் அது என்று கேட்டால், சொல்வதற்கு உங்களுக்கு இப்போது தெரியும்.

பரிசு பெறும் அனைவருக்கும், அவர்களை அனுப்பிவைக்க விடியற்காலையில் எழுந்த அத்தனை தாய்மார்களுக்கும், வீட்டில் நின்றுவிட்ட எல்லா அக்காமார்களுக்கும் என் நல்வாழ்த்துகள்.